வேகமும் விவேகமும்

(மாத்தளையில் நடைபெற்ற நமது சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்தப்பட்ட பேச்சின் எழுத்து வடிவம்)



நான் பேச்சாளன் அல்லன். முப்பத்தைந்து ஆண்டுகளாக இந்த மாத்தளை நகரிலே மோட்டார் வண்டிகளைப் பழுது பார்த்துப் பிழைப்பவன். மேடையிலே நிமிர்ந்து நின்று பேசுவதைவிட, லொறிக்கு அடியிலே மல்லாந்து படுத்துக்கொண்டு பேசுவதே எனக்குப் பழக்கம். ஆகையால் என் பேச்சிலே எண்ணெய்க் கறை படிந்திருந்தால் பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும்.

என்னை இங்கே நிறுத்தியது ஒரு கேள்வி. சென்ற மாதம் நமது சங்கம் நடத்திய வினா விடைப் போட்டி உங்களுக்கு நினைவிருக்கும். அதிலே ஒரு சுற்று முழுவதும் மோட்டார்ப் பந்தயத்தைப் பற்றியே அமைந்திருந்தது. எந்தக் குழு, எந்த ஓட்டி, எந்த ஆண்டு, எந்தக் கார் என்று கேள்விகள் வந்தன. பையன்கள் முண்டியடித்துக்கொண்டு பதில் சொன்னார்கள். அப்பொழுது நம் பெரியவர் ஒருவர் எழுந்து, "திருக்குறளிலே கேட்டீர்கள், சரி. இலங்கைச் சரித்திரத்திலே கேட்டீர்கள், அதுவும் சரி. எங்கேயோ எவனோ கார் ஓட்டிய கதையை நம் பிள்ளைகள் ஏன் மனப்பாடம் செய்ய வேண்டும்? வீதியிலே இவர்கள் பறக்கிற பறப்பு போதாதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அன்று அந்த மண்டபத்திலே யாரும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போன பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இன்று அதற்கு என்னால் இயன்ற பதிலைச் சொல்ல வந்திருக்கிறேன்.

அந்தப் போட்டியிலே கேட்கப்பட்ட கேள்விகளையே ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதற் கேள்வி: உலக சாம்பியன் பட்டத்துக்கான முதலாவது போர்முலா வன் பந்தயம் எங்கே நடந்தது? இங்கிலாந்திலே, சில்வர்ஸ்டன் என்ற இடத்திலே, 1950ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் நாள் நடந்தது. வென்றவர் இத்தாலியரான பரீனா. அந்த ஆண்டின் சாம்பியனும் அவரே. இவ்வளவும் நம் பையன்களுக்குத் தெரியும். ஆனால் சில்வர்ஸ்டன் என்பது என்ன இடம்? அது இரண்டாவது உலகப் போரின்போது போர் விமானங்களுக்காக அமைக்கப்பட்ட தளம். சென்னைக்கு வடக்கே சோழவரத்திலே பல்லாண்டுகள் பந்தயம் நடந்ததே, அதுவும் அப்போர்க் காலத்து விமான ஓடுபாதை. நம் நாட்டிலே களுத்துறைக்கு அண்மையில் கட்டுக்குருந்தையிலே கார்களும் மோட்டார் சைக்கிள்களும் ஓடிய இடமும் அதே போர்க் காலத்து விமானத்தளந்தான். நமது மாவட்டத்துச் சிகிரியாவிலும் அந்தக் காலத்திலே ஒரு விமானத்தளம் அமைந்தது.

விமானம் இறங்கிய இடங்களைப் பந்தயக்காரர்கள் தேடிப் போனது ஏன்? பாதை அகலமாக இருக்கும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அங்கே வீடில்லை, கடையில்லை, பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளையில்லை, கொழுந்துக் கூடையோடு வீதியைக் கடக்கிற தாயில்லை. வேகத்துக்கு வீதி இடமல்ல என்பதை உலகம் அறிந்துகொண்ட கதைதான் இது.

அதை அறிந்துகொள்ள உலகம் கொடுத்த விலை சிறிதன்று. இத்தாலியிலே மில்லே மிக்லியா என்றொரு பந்தயம் இருந்தது. ஆயிரம் மைல் தூரம், ஊர்களுக்கு ஊடாக, பொது வீதியிலே ஓடுவார்கள். 1957ஆம் ஆண்டு அந்தப் பந்தயத்திலே ஒரு பெராரி காரின் டயர் வெடித்தது. கார் வீதியோரத்துக் கூட்டத்துக்குள்ளே பாய்ந்தது. ஓட்டியும் துணை ஓட்டியும் மட்டுமல்ல, வேடிக்கை பார்த்த ஒன்பது பேரும் மாண்டார்கள். அவர்களிலே ஐவர் பிள்ளைகள். அதற்கு முன்னரே, 1955ஆம் ஆண்டு பிரான்சு தேசத்து லெ மான் பந்தயத்திலே ஒரு கார் கூட்டத்துக்குள் விழுந்து எண்பதுக்கு மேற்பட்ட பார்வையாளர்கள் உயிர் இழந்தார்கள். அதன் பின் சுவிற்சர்லாந்து தன் நாட்டிலே சுற்றுப் பந்தயங்களைத் தடை செய்து, பல பத்தாண்டுகள் அந்தத் தடையை வைத்திருந்தது.

இவை தூர தேசத்துக் கதைகள் என்று எண்ண வேண்டாம். 2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 21ஆம் நாள் தியத்தலாவையிலே பொக்ஸ் ஹில் பந்தயத்தின்போது ஒரு கார் தடத்தை விட்டு விலகிக் கூட்டத்துக்குள் புகுந்ததை நாம் எல்லோரும் அறிவோம். ஏழு பேர் மாண்டார்கள். அவர்களிலே ஒரு சிறுமியும் இருந்தாள். தகப்பன் கையைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போகிற பிள்ளைகள் நம் வீட்டிலும் இருக்கிறார்கள் அல்லவா?

இரண்டாவது கேள்வி: காற்றடைத்த டயரோடு முதன்முதலில் பந்தயத்திலே ஓடிய கார் எது? டன்லப் என்பவர் காற்றடைத்த டயரைச் செய்தது 1888ஆம் ஆண்டிலே. சைக்கிளுக்கு அது பொருந்தியது. கனத்த காருக்குப் பொருந்துமா என்று எல்லோரும் சிரித்தார்கள். 1895ஆம் ஆண்டு பாரிசிலிருந்து போர்தோ நகருக்கு ஓடித் திரும்பும் பந்தயத்திலே மிஷலின் சகோதரர்கள் காற்றடைத்த டயரோடு ஒரு காரைத் தாங்களே ஓட்டினார்கள். வழியெல்லாம் பஞ்சர். ஒட்டிக்கொண்டே போனார்கள், பிந்தியே வந்து சேர்ந்தார்கள். ஆனால் வந்து சேர்ந்தார்கள். சிரித்தவர்கள் எல்லோரும் சில ஆண்டுகளிலே அந்த டயரையே வாங்கினார்கள்.

இறப்பர் என்றதும் நாம் சற்றே நிமிர்ந்து உட்காரலாம். பிரேசில் நாட்டு விதையிலிருந்து இங்கிலாந்திலே முளைக்கவைத்த கன்றுகள் 1876ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து, கம்பஹாவிலே ஹெனரத்கொடை தோட்டத்திலே நடப்பட்டன. அந்த மரத்தின் சந்ததிதான் பின்னர் மலைச்சரிவுகளிலே பரவியது. விடியற்காலை இருட்டிலே எழுந்து, மரத்துக்கு மரம் பட்டையைச் சீவிப் பாலெடுத்தவர்கள் நம் தாய்மார்களும் பாட்டிமார்களும். பந்தயக் காரின் டயரிலே செயற்கை இறப்பரே பெரும் பங்கு. ஆனால் ஆகாய விமானத்தின் டயரிலும், பாரம் சுமக்கும் லொறியின் டயரிலும் இயற்கை இறப்பர் இல்லாமல் காரியம் நடவாது. சூட்டையும் சுமையையும் தாங்குவதிலே மரத்துப் பால் கெட்டிக்காரப் பால்.

பந்தய டயரைப் பற்றி இன்னும் ஒரு கேள்வி இருந்தது. அதிலே ஏன் கோடு வெட்டுவதில்லை? இந்தக் கேள்வியை மறவாமல் வைத்திருங்கள். பிறகு இதற்குத் திரும்பி வருவேன்.

அடுத்த கேள்வி: டிஸ்க் பிரேக் போட்டுக்கொண்டு லெ மான் பந்தயத்தை வென்ற முதற் கார் எது? 1953ஆம் ஆண்டு ஜாகுவார். ரோல்ட், ஹமில்டன் என்ற இருவர் ஓட்டினார்கள். இதிலே என்ன புதுமை என்று கேட்பீர்கள். அதுவரை பெரும்பாலான கார்களிலே டிரம் பிரேக். வேகமாக ஓடி, நிறுத்தி, மறுபடி ஓடி, மறுபடி நிறுத்தினால் அந்த டிரம் சூடேறிப் பிரேக் பிடிக்காமல் போகும். றிவஸ்டன் பக்கமிருந்து இரத்தோட்டைக்குப் பாரத்தோடு இறங்கும் லொறியிலே மூக்கைப் பிடுங்கும் ஒரு கருகல் வாடை வருமே, அதுதான் அது. டிஸ்க் வெளியே திறந்திருப்பதால் காற்றுப் பட்டுக் குளிரும். மற்ற ஓட்டிகள் வளைவுக்கு வெகு தூரத்திலேயே பிரேக்கை மிதிக்க வேண்டியிருந்தது. ஜாகுவார்க்காரர்கள் வளைவுக்குக் கிட்டப் போய் மிதித்தார்கள். அவர்கள் வென்றதற்கு எஞ்சின் மட்டும் காரணமல்ல, நிறுத்தும் சக்தியும் காரணம்.

இதை நாம் வெள்ளைக்காரனிடம் கற்க வேண்டியதில்லை. மாசி மகத்துக்கு நம் முத்துமாரியம்மன் ஆலயத்தின் ஐந்து தேர்களும் வீதிக்கு வரும்போது பாருங்கள். வடம் பிடிக்க நூற்றுக்கணக்கானோர் முந்துவார்கள். ஆனால் சில்லுக்கு அருகே குனிந்தபடி முட்டுக்கட்டையோடு நடக்கிறவர்கள் சிலரே. அந்தச் சிலருடைய கையும் கண்ணும் பிசகினால் தேர் என்ன ஆகும்? வடம் பிடிப்பவனுக்குப் பலம் போதும். கட்டை போடுகிறவனுக்குப் பலத்தோடு புத்தியும் வேண்டும்.

பிரேக்கைப் பற்றி மற்றொரு கேள்வி: இறந்த பிறகு உலக சாம்பியன் ஆனவர் யார்? ஜோகன் ரிண்ட். 1970ஆம் ஆண்டு இத்தாலியிலே மொன்சா தடத்திலே பயிற்சி ஓட்டத்தின்போது அவருடைய காரின் முன்பக்கப் பிரேக் தண்டு முறிந்தது. அவர் மாண்டார். அதுவரை அவர் சேர்த்த புள்ளிகளை அந்த ஆண்டு வேறு எவரும் தாண்டவில்லை. ஆகவே பட்டம் அவர் பெயருக்கே போயிற்று. ஒரு தண்டின் கதை இது. என் வேலைத்தலத்துக்கு வந்து, "பிரேக்கை இன்னொரு நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் அண்ணே, இப்போதைக்கு ஹோனை மட்டும் சரி பண்ணுங்கள்" என்று சொல்கிறவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்ல எனக்கு ஆசை.

இனி, நம்மவர்களைப் பற்றிய கேள்விகளுக்கு வருவோம். போர்முலா வன் பந்தயத்திலே ஓடிய முதல் இந்தியர் யார்? கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன். 2005ஆம் ஆண்டு ஜோர்டன் குழுவுக்காக ஓட்டினார். அடுத்தவரும் தமிழ்நாட்டிலிருந்தே போனார். சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக், 2010ஆம் ஆண்டிலே. 2011ஆம் ஆண்டு இந்தியாவிலே முதன்முதலாக அந்தப் பந்தயம் நடந்தபோது கார்த்திகேயன் தன் தாய்நாட்டு மண்ணிலே ஓட்டினார்.

இவர்கள் வானத்திலிருந்து குதித்தவர்கள் அல்லர். கோயம்புத்தூரிலே கரிவரதன் என்றொருவர் இருந்தார். பணம் படைத்தவர்தான், ஆனால் பணத்தை விளையாட்டுக்கு மட்டும் செலவிடவில்லை, மூளைக்கும் செலவிட்டார். சந்தையிலே ஓடும் சின்ன மாருதி 800 காரின் எஞ்சினை எடுத்து, அதைக்கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உள்ளூரிலேயே உருவாக்கினார். எண்ணூறு சீசிக்கும் குறைந்த, மூன்று சிலிண்டர் எஞ்சின் அது. அந்தச் சிறு காரிலே பழகியவர்தான் கார்த்திகேயன். 1995ஆம் ஆண்டு விமான விபத்திலே கரிவரதன் மறைந்தார். கோயம்புத்தூரின் பந்தயத் தடம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பெரிய காரியம் சின்ன எஞ்சினிலிருந்தும் தொடங்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

கார்த்திகேயனுக்கு அந்த 2005ஆம் ஆண்டு ஐந்து புள்ளிகள் கிடைத்தன. எங்கே கிடைத்தன என்பது ஒரு கேள்வி. அமெரிக்காவிலே, இந்தியானாபொலிஸ் தடத்திலே, ஜூன் 19ஆம் நாள். அந்தப் பந்தயத்தின் கதையைச் சொல்லாமல் விடக் கூடாது. அங்கே கடைசி வளைவு சாய்வாகக் கட்டப்பட்டது. வேகமாகச் சுற்றும்போது டயர் மேலே பெரும் அழுத்தம் விழும். பயிற்சியின்போது மிஷலின் டயர் போட்ட கார் ஒன்று அங்கே டயர் போய்ச் சுவரிலே மோதியது. மிஷலின் கம்பெனியார் சோதித்துப் பார்த்தார்கள். "இந்த வளைவிலே வேகத்தைக் குறைக்க வழி செய்யாவிட்டால் எங்கள் டயர் தாங்கும் என்று நாங்கள் உறுதி சொல்ல மாட்டோம்" என்று அறிவித்துவிட்டார்கள். தடத்தை மாற்ற இணக்கம் ஏற்படவில்லை. பந்தய நாளன்று இருபது கார்களும் அணிவகுப்புச் சுற்றுக்குப் புறப்பட்டன. சுற்று முடிவிலே மிஷலின் டயர் போட்ட பதினான்கு கார்களும் ஒன்றன்பின் ஒன்றாக விலகித் தங்கள் கொட்டகைக்குள்ளே போய்விட்டன. மற்றக் கம்பெனி டயரோடு இருந்த ஆறு கார்களே ஓடின. அந்த ஆறிலே கார்த்திகேயன் நான்காவதாக வந்தார்.

பார்க்க வந்த ஜனங்கள் கூச்சலிட்டார்கள், போத்தல்களை வீசினார்கள். பிறகு மிஷலின் கம்பெனியார் நுழைவுச் சீட்டுக் காசைத் திருப்பிக் கொடுக்க முன்வந்தார்கள். அவமானந்தான், நஷ்டந்தான். ஆனால் அன்றைக்கு ஒரு பிணமும் விழவில்லை. "எங்கள் பொருளிலே குறை இருக்கிறது, ஓடாதே" என்று உலகத்தின் முன்னிலையிலே சொல்ல ஒரு பெரிய கம்பெனிக்குத் துணிவு வந்ததே, அதை எண்ணிப் பாருங்கள்.

இதே போன்ற கேள்வி இன்னொன்று: ஒரே ஒரு புள்ளியால் பட்டத்தை இழந்தவர் யார்? அந்த வரிசையிலே நிக்கி லவ்டா என்ற ஆஸ்திரியரை நான் ஒருநாளும் மறவேன். 1976ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதலாம் நாள் ஜெர்மனியிலே அவருடைய கார் மோதித் தீப்பற்றியது. முகமும் தலையும் வெந்தன, நுரையீரல் புகையால் கெட்டது. பிழைக்க மாட்டார் என்றே எண்ணினார்கள். ஆறே வாரத்திலே, காயம் ஆறுவதற்கு முன்னரே, திரும்பி வந்து ஓட்டி நான்காவதாக வந்தார். ஆண்டின் கடைசிப் பந்தயம் ஜப்பானிலே. பட்டம் கைக்கு எட்டும் தூரத்திலே இருந்தது. அன்று கொட்டோ கொட்டென்று மழை. எதிரே ஒன்றும் தெரியவில்லை. இரண்டு சுற்று ஓடிவிட்டு லவ்டா காரை நிறுத்தி இறங்கிவிட்டார். ஜேம்ஸ் ஹன்ட் ஒரு புள்ளியால் சாம்பியன் ஆனார்.

கோழை என்று சிலர் ஏசினார்கள். நெருப்பிலே வெந்து ஆறு வாரத்திலே திரும்பி வந்தவனா கோழை? அடுத்த 1977ஆம் ஆண்டிலே அவரே சாம்பியன். பிறகு 1984ஆம் ஆண்டிலும் அவரே சாம்பியன், அதுவும் அரைப் புள்ளி வித்தியாசத்திலே! உயிரோடு இருந்தபடியால் அல்லவா அந்த அரைப் புள்ளியை அவர் பெற முடிந்தது?

நம் வாலிபர்களுக்கு மிகவும் பிடித்த நடிகர் அஜித் குமார் விடயமும் இப்படியே. 2025ஆம் ஆண்டு ஜனவரியிலே துபாயிலே இருபத்துநான்கு மணி நேரப் பந்தயத்துக்கு அவர் தம் பெயரிலேயே ஒரு குழுவைக் கொண்டுபோனார். சில நாட்களுக்கு முன் பயிற்சியிலே அவருடைய கார் மோதியது. உடம்புக்கு ஆபத்தில்லை. ஆனாலும் தம் குழுவின் அந்தக் காரை ஓட்டும் பொறுப்பிலிருந்து அவர் விலகிக்கொண்டார். மற்ற ஓட்டிகள் ஓட்டி, குழு தன் பிரிவிலே மூன்றாம் இடம் பெற்றது. சினிமாவிலே கதாநாயகன் நிறுத்தாமல் ஓட்டுவான். அந்தக் கதாநாயகனாக நடிப்பவருக்கோ எங்கே நிறுத்த வேண்டும் என்பது தெரிந்திருக்கிறது.

இனி, வைத்திருக்கச் சொன்ன கேள்விக்கு வருகிறேன். பந்தய டயரிலே ஏன் கோடு வெட்டுவதில்லை?

சில ஆண்டுகளுக்கு முன் நம் பகுதித் தோட்டமொன்றைச் சேர்ந்த ஒரு பையன் என் வேலைத்தலத்துக்கு மோட்டார் சைக்கிளைக் கொண்டு வந்தான். பத்தொன்பது வயது. பந்தயம் என்றால் உயிர். சைலன்ஸரைக் கழற்றிச் சத்தம் கூட்டித் தரச் சொன்னான், எஞ்சினிலே இன்னும் கொஞ்சம் வேகம் ஏற்றித் தரச் சொன்னான். காசு கொடுத்தான், நான் செய்து கொடுத்தேன். பின் டயர் முழு மொட்டையாக இருந்தது. "தம்பி, டயரை மாற்று" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே, "என்ன மாமா நீங்கள், பந்தயக்காரன் டயரிலே கோடே கிடையாதே! மொட்டை டயர்தான் நல்லாப் பிடிக்கும்" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. பையன் கெட்டிக்காரன் என்று முதுகிலே தட்டி அனுப்பினேன். அவன் சொன்னது தவறு என்று விளக்க எனக்கு இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தை நான் செலவிடவில்லை.

அந்த வாரமே, மாலை மழையிலே, நண்பர்களோடு யார் முந்துவது என்று போட்டி போட்டுக்கொண்டு இறக்கத்திலே வந்தவன் வளைவிலே வழுக்கினான். எதிரே வந்த வண்டி பிரேக் போட்டும் நிற்கவில்லை. உயிர் தப்பியது. வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று.

அவன் அறிந்தது பாதி உண்மை. மறுபாதி இதுதான். பந்தயக்காரனுடைய மொட்டை டயர் தேய்ந்து மொட்டையானதன்று. மிருதுவான இறப்பரால் அப்படியே செய்யப்படுவது. சூடேறி நூறு பாகை அளவுக்கு வந்த பிறகே அது பசைபோலத் தரையைப் பிடிக்கும். அதுவும் உலர்ந்த தடத்திலே மட்டும். ஒரு தூறல் விழுந்தால் போதும், பந்தயக்காரன் ஓடிப்போய்க் கோடு வெட்டிய டயரை மாற்றிக்கொள்வான். பெருமழைக்கு என்று செய்த டயர் மணிக்கு 300 கிலோமீற்றர் வேகத்திலே ஒரு செக்கனுக்குச் சுமார் 85 லீற்றர் தண்ணீரை அள்ளி வெளியே எறியும். அந்த வேலையைச் செய்வது அந்தக் கோடுகள். நம் வண்டியின் டயர் கடினமான இறப்பர். அது தேய்ந்து மொட்டையானால் பசையும் இல்லை, தண்ணீரை ஒதுக்கக் கோடும் இல்லை. மழையிலே அது தண்ணீர் மேலே மிதக்கும். டயர்க் கோட்டின் பள்ளத்துக்குள்ளே சிறு மேடு ஒன்று இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால், வேறு யாரையும் கேட்க வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

பெரியவர் ஐயா கேட்ட கேள்விக்கு என் பதில் இதுவே. பிள்ளைகள் இந்த விடயங்களை அறிவதால் கெடுவதில்லை. பாதி அறிவதால் கெடுகிறார்கள். மீதிப் பாதியைச் சொல்ல வேண்டியவர்கள் நாம். சொல்லாமல் சிரித்துவிட்டுப் போனவர்களிலே நானும் ஒருவன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வினா விடைச் சுற்றின் கேள்விகளை எல்லாம் எழுதித் தந்தவன் அந்தப் பையன்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலிலே கிடந்த மாதங்களிலே படித்துச் சேர்த்தவை அவை. அவன் அனுமதி பெற்றே இதைச் சொல்கிறேன். பெயர் சொல்ல வேண்டாம் என்றான், சொல்லவில்லை. கேள்விகளிலே பாதிக்கு மேல் பிரேக்கையும் டயரையும் பற்றியே ஏன் வந்தன என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

வாலிப நண்பர்களே, ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்திலே போகிறவன் ஒரு செக்கனிலே 11 மீற்றர் போகிறான். ஆபத்தைக் கண்டு காலோ கையோ பிரேக்குக்குப் போவதற்கே ஒரு செக்கன் ஆகும். பிறகு நல்ல பிரேக், நல்ல டயர், உலர்ந்த தார் வீதி என்றால் இன்னும் 9 மீற்றர். ஆக 20 மீற்றரிலே நிற்கிறான். வேகம் 80 ஆனால் இரட்டிப்புத் தூரம் என்று எண்ணாதீர்கள். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடிக்கும் தூரம் நாலு மடங்கு. 22 மீற்றரும் 35 மீற்றருமாக 57 மீற்றர். மழை பெய்து வீதியின் பிடிப்புப் பாதியானால் 92 மீற்றர். அது ஏறக்குறைய ஓர் உதைபந்தாட்ட மைதானத்தின் நீளம். நாலந்தையிலும் நாவுலையிலும் எந்த வளைவுக்கு அப்பால் உங்களுக்கு 92 மீற்றர் வெளியாகத் தெரிகிறது?

பந்தயக்காரன் தலைக்கு மேலே 2018ஆம் ஆண்டு முதல் டைட்டேனியத்தாலான வளையம் ஒன்று கட்டாயம் ஆயிற்று. எடை சுமார் 7 கிலோ. அழகைக் கெடுக்கிறது என்று ஓட்டிகளே குறை சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களிலே குரோஷான் என்பவரும் ஒருவர். 2020ஆம் ஆண்டு பஹ்ரைனிலே அவருடைய கார் தடுப்பு வேலியிலே மோதி இரண்டாகப் பிளந்து தீப்பற்றியது. சுமார் 28 செக்கன் நெருப்புக்குள்ளே இருந்து அவர் வெளியே வந்தார். வேலியின் இரும்பு அவர் தலையிலே படாமல் காத்தது அந்த வளையம். அதன்பின் தம் கருத்தை மாற்றிக்கொண்டதாக வெளிப்படையாகச் சொன்னார். ஹெல்மட்டை முழங்கையிலே வளையல்போல் மாட்டிக்கொண்டு போகும் தம்பிமாரே, முழங்கைக்குள்ளே மூளை இல்லை!

பெரியோர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. பந்தய ஆசையை ஏசி அடக்கிவிட முடியாது. அடக்கினால் அது இரவிலே, பொது வீதியிலே, யாரும் காணாத நேரத்திலே வெளிவரும். அந்த ஆசைக்கு நல்ல வழி காட்டுவோம். நுவரெலியாவிலே மகாகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி 1934ஆம் ஆண்டிலே தொடங்கியது. தேயிலைத் தோட்டத்துப் பாதையிலே, ஒரு நேரத்தில் ஒரு வண்டி மட்டும், கடிகாரத்தோடு போட்டி போட்டுக்கொண்டு ஏறும். பக்கத்திலே முந்த வேறொருவன் இல்லை. அப்படிப்பட்ட போட்டிக்கு நம் பிள்ளைகளை அழைத்துப் போவோம். எங்கே நின்று பார்க்க வேண்டும், எங்கே நிற்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்துக் காட்டுவோம்.

ஓட்டியாக வருவதற்குப் பெரும் பணம் வேண்டும். அதை மறைத்து ஆசை காட்ட நான் விரும்பவில்லை. ஆனால் ஒரு பந்தயக் கார் டயர் மாற்ற உள்ளே வந்தால், அதைச் சூழ்ந்து ஏறக்குறைய இருபது பேர் நிற்கிறார்கள். ஒவ்வொரு சில்லுக்கும் மூன்று பேர். ஒருவன் நட்டைக் கழற்ற, ஒருவன் பழைய சில்லை எடுக்க, ஒருவன் புதியதை வைக்க. 2023ஆம் ஆண்டு கத்தார் பந்தயத்திலே மெக்லாரன் குழுவினர் நான்கு சில்லுகளையும் 1.80 செக்கனிலே மாற்றிவிட்டார்கள். கண்ணை இரண்டு முறை சிமிட்டும் நேரம்! ஓட்டியின் பெயர் பத்திரிகையிலே வரும். ஆனால் அந்த இருபது பேரிலே ஒருவன் கை பிசகினாலும் ஓட்டி தோற்பான். அந்த இருபது பேருடைய வேலை நம் பிள்ளைகளுக்கு எட்டாத வேலை அன்று. மொரட்டுவையிலே இலங்கை ஜெர்மன் தொழிற்பயிற்சி நிலையம் போன்ற இடங்களிலே மோட்டார்த் தொழிலை முறையாகக் கற்பிக்கிறார்கள். தோட்டத்துப் பிள்ளைக்கு விண்ணப்பப் பத்திரம் நிரப்பிக் கொடுத்து, பஸ் கட்டணமும் கொடுத்து அனுப்புவது நம் சங்கத்தால் ஆகாத காரியமா?

என் பங்குக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். வருகிற மாதம் முதல் ஒவ்வொரு மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமையும் காலையிலே, இந்த மண்டபத்து முற்றத்திலே நான் இருப்பேன். மோட்டார் சைக்கிளோ முச்சக்கர வண்டியோ, யார் கொண்டு வந்தாலும் பிரேக்கையும் டயரையும் காசு வாங்காமல் பார்த்துக் கொடுப்பேன். எனக்குத் துணையாக அந்தப் பையனும் வருவான். செயற்கைக் காலோடு அவன் இப்பொழுது என் வேலைத்தலத்திலேதான் இருக்கிறான். பிரேக் வேலையிலே என்னைவிட அவன் கை சுத்தம். டயர் மொட்டையாக இருந்தால் ஏன் மாற்ற வேண்டும் என்று அவனே உங்களுக்குச் சொல்லுவான். இரண்டு நிமிடம் நின்று கேட்டுவிட்டுப் போங்கள்.

வீட்டுக்குத் திரும்பும்போது இறக்கத்திலே கியரைக் குறைத்துப் போட்டு மெல்லப் போகும்படி கேட்டுக்கொண்டு, விடைபெறுகிறேன்.